தம்மாமிலிருந்து வந்த கடிதங்கள்

பொது இடத்தில் பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறார்கள். தொண்டை வறண்டு, இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் உடைந்துவிடும். அதனால் என் வகுப்பில் முதல் நாள் ஒவ்வொருவரையும் எழுந்து நின்று ஒரு தம்ளர் தண்ணீரை அவசரமில்லாமல் குடிக்கச் சொல்வேன். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நிதானமாகத் தண்ணீர் குடிக்க முடிந்தவரால் கலெக்டரிடமும் பேச முடியும்.

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு இது தெரியும். சென்ற ஆண்டு சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு உங்களுக்கு உரை எழுதி டைப் அடித்துத் தந்தபோது இதைத்தான் முதலில் சொன்னேன். நீங்கள் நன்றாகப் பேசினீர்கள்.

நேற்று நீங்கள் என் பயிற்சி நிலையத்துக்கு வந்து, பதினேழு கடிதங்களை மேசைமேல் பரப்பி, "சார், நீங்க எழுத்துலயே கெடக்குறவரு. இது எப்படிப்பட்ட ஆளு எழுதுனதுன்னு பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டீர்கள். ஒரு நாள் அவகாசம் கேட்டேன். இது அதற்கான பதில். வாயால் சொன்னால் நீங்கள் நடுவில் கேள்வி கேட்பீர்கள், வரிசை கெட்டுவிடும். ஆகவே எழுதித் தருகிறேன். இந்தத் தாளைப் பிரித்ததுமே கையெழுத்தில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அதற்கு வருகிறேன்.

என் பெயர் சந்தானகிருஷ்ணன். வயது ஐம்பது. சீர்காழிக்குக் கிழக்கே எங்கள் குடும்பத்துக்கு எட்டு வேலி நன்செய் இருந்தது. நில உச்சவரம்புச் சட்டத்திலும் குத்தகைதாரர் பதிவிலும் பெரும்பகுதி போனது. மிச்சத்தைத் தகப்பனார் விற்றார். கூலித் தகராறு நடந்த வருஷங்களில் அவர் பண்ணையாட்களிடம் நேரில் பேசமாட்டார். நோட்டீஸ் எழுதி ஒட்டச் சொல்வார். எழுதுவது நான். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. பதினோரு நாள் நடவு நின்றுபோயிருந்தது. "எங்கள் நிலத்தின் அன்பான உழைப்பாளிகளுக்கு" என்று தொடங்கி ஒரு நோட்டீஸ் எழுதினேன். மறுநாள் காலை பெண்கள் வயலில் இறங்கினார்கள். அதில் கொடுத்திருந்த உறுதிமொழி எதையும் தகப்பனார் பிறகு நிறைவேற்றவில்லை. ஆனால் நடவு முடிந்துவிட்டது. சரியான வாக்கியம் சரியான நாளில் போய்ச் சேர்ந்தால் போதும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பிறகு ஒரு தனியார் சர்க்கரை ஆலையில் மக்கள் தொடர்பு அலுவலராக இருந்தேன். ஆலையை மூடியதும் சீர்காழியில் உரக்கடை மாடியில் 'வாக்கு மக்கள் தொடர்புப் பயிற்சி நிலையம்' ஆரம்பித்தேன். எட்டு வருஷம் ஆகிறது. பெரிய கம்பெனிகள் என்னிடம் வருவதில்லை. அப்பளம் போடுகிறவர்கள், நர்சரிப் பள்ளி வைத்திருப்பவர்கள், ரைஸ் மில்காரர்கள், சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஒரு குடும்பத்துப் பிள்ளை, இப்படிப்பட்டவர்கள்தான். தொழிலை நன்றாகச் செய்வார்கள். அதைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தெரியாது. தெருவில் உமி பறக்கிறது என்று புகார் வந்தால் மில்காரர் கதவைச் சாத்திக்கொள்வார். கதவைத் திறந்துகொண்டு முதல் ஆளாகப் போய்ப் பேசுங்கள் என்று நான் சொல்லித் தருவேன். பல பேர் நிமிர்ந்து நிற்க நான் காரணமாக இருந்திருக்கிறேன். விசாரித்தால் சொல்வார்கள்.

ஜன்னத் பீவி இரண்டு வருஷத்துக்கு முன் ஆடி மாதம் வந்து சேர்ந்தார். கடற்கரைப் பக்கம் மரைக்கான்பட்டினத்துக்காரர். கணவர் ஜெய்னுலாபுதீன் சவூதியில், தம்மாமில், கட்டட வேலை. பிள்ளைகள் இல்லை. மாமியார் மெஹராஜ் பேகத்தோடு இருந்தார். கொல்லையில் நன்னாரி சர்பத் காய்ச்சி, பாட்டிலில் அடைத்துக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சர்பத் நன்றாக இருந்ததற்குக் காரணம் அவர் வீட்டுக் கிணறு. கடலிலிருந்து ஒன்றரை மைலில் அப்படி ஒரு தித்திப்பான தண்ணீர் அந்தத் தெருவில் மட்டும்தான். ஆனால் கடைக்காரர் எதிரில் அவருக்கு வாய் வராது. தண்ணீர் குடிக்கச் சொன்னபோது, "சார், அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுக் குடிக்கலாமா?" என்று கேட்டார். ஆறு மாதம் கழித்து ஒரு சிறுதொழில் கண்காட்சியில் இருநூறு பேர் முன்னால் ஏழு நிமிடம் பேசினார். கையில் தாள் இல்லை. என்னிடம் படித்த முந்நூறு பேரில் அவரைப்போல இன்னொருவர் இல்லை.

என் பயிற்சியில் இரண்டாவது வாரம் ஒரு தனிக் கேள்வி உண்டு. ஒவ்வொருவரையும் தனியாக உள்ளறைக்கு அழைத்துக் கேட்பேன்: உங்களைப் பற்றி எதிராளி எதைச் சொன்னால் உங்களுக்குப் பேச்சு நின்றுவிடும்? அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பதிலைத் தயார் செய்துவிடலாம். சொன்னது அந்த அறையைத் தாண்டாது என்று உறுதி தருவேன். இதுவரை தாண்டியதில்லை. நான் இனி சொல்லப்போகும் விஷயத்திலும், கண்டிப்பாகப் பார்த்தால், தாண்டவில்லை.

ஜன்னத் பீவி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என் மச்சான் இல்ல சார்."

"வெளிநாட்டில் இருக்கிறார். தெரியும்."

"இல்ல சார். மவுத்தாயிட்டாங்க. மார்கழியில. சாரம் சரிஞ்சு விழுந்து. அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க. என் தம்பி மூஸா அங்கதான் இருக்கான், அவன்தான் போன்ல சொன்னான். எங்க ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது. மாமிக்கும் தெரியாது."

மாமியாருக்கு இருதயக் கோளாறு. அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். ஒரே மகன். ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்று இருந்திருக்கிறார். பிறகு பெருநாள் போகட்டும் என்று இருந்திருக்கிறார். பிறகு சொல்லவே முடியாமல் போய்விட்டது.

"நாலு மாசம் பத்து நாள் வாசப்படி தாண்டல சார். புருஷன் போனா அப்படி இருக்கணும். முழங்கால் வலின்னு சொல்லிட்டு உக்காந்திருந்தேன். மாமிதான் தெனம் எண்ணெ தேச்சு விட்டாங்க."

எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது. ஒரு செய்தியை ஏழு மாதம் ஒரே சீராகப் பிடித்து வைத்திருப்பது, பயிற்சி பெற்றவர்களுக்கே கடினம்.

அவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. மெஹராஜ் பேகத்துக்குப் படிக்கத் தெரியாது. மகனிடமிருந்து கடிதம் வந்தால் மருமகள் ஒரு முறை படித்துக் காட்ட வேண்டும். பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் கொடுத்துத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்பார். ஆகவே வாயால் சொல்லிச் சமாளிக்க முடியாது. நிஜமாகவே கடிதம் வேண்டும். ஊருக்கு வந்தவர் கையில் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி மூன்று கடிதங்களை ஜன்னத்தே எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டு டீச்சர், "என்னாடி, ஒம்புருசன் பொம்பள மாதிரி எழுதுறாரு?" என்று கேட்டுவிட்டாராம். பயந்துபோய் மூன்றையும் கிழித்துவிட்டார்.

"நீங்க எழுதித் தருவீங்களா சார்?" என்று கேட்டார்.

எழுதித் தந்தேன். உங்கள் மேசையில் இருக்கும் பதினேழு கடிதங்களும் என் கையெழுத்துதான். இந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பதினாறும் அவர் கேட்டு எழுதியவை. மாதம் ஒன்று, சில மாதம் விட்டுப்போகும். வெறும் நலம் விசாரிப்பாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். அறையில் கூட இருக்கும் மலையாளத்துக்காரர் மீன் குழம்பில் புளிக்குப் பதில் வேறு எதையோ போடுவதாக எழுதினேன். வெயிலில் செருப்பு உருகி ஒட்டிக்கொண்டதாக எழுதினேன். மெஹராஜ் பேகம் சொல்லும் பதிலை ஜன்னத் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து தருவார். ஒரு முறை பல்வலி என்று சொல்லியிருந்தார். கிராம்பு வைத்துக் கடித்துக்கொள்ளுங்கள் உம்மா என்று எழுதினேன். 'நீ சொன்னதும் வலி போயிடுச்சு வாப்பா' என்று பதில் வந்தது. என் மனைவி மதுரம் காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது, எங்களுக்கும் பிள்ளைகள் இல்லை. அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு மாதாமாதம் வந்த தபால் அந்த நோட்டு ஒன்றுதான் என்பதைக் குறிப்பிடுகிறேன்.

இனி அமிர்தலிங்கம். இவரும் என் மாணவர்தான், முதல் வகுப்பில் படித்தவர். இறால் பண்ணை முதலாளி. மரைக்கான்பட்டினத்துக்கு மேற்கே சம்பா விளைந்துகொண்டிருந்த இருபது ஏக்கரை வாங்கிக் குளம் வெட்டினார். உப்பாற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றினார். பக்கத்து வயல்காரர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள், இரண்டு முறை கைகலப்பு ஆனது, உங்களிடமே வழக்கு இருக்கிறது. இந்த வைகாசியில் ஆட்சி மாறியதும் அவர் வேட்டியின் கரையும் மாறியது. இன்னும் நாற்பது ஏக்கருக்கு அனுமதி கேட்டார். ஊர் மறுப்புச் சொன்னதால், கோட்டாட்சியர் நேரில் வந்து மக்களிடம் கேட்டு முடிவு செய்வார் என்று அறிவிப்பு வந்தது. ஊராட்சிப் பள்ளிக்கூடத்தில், ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு.

அதற்குள் ஜன்னத் பீவியின் கிணறு உப்பாகிவிட்டிருந்தது. சர்பத் பாட்டிலுக்குள்ளேயே கரித்தது. கடைகள் திருப்பி அனுப்பின. வேறு யாராக இருந்தாலும் பண்ணை வாசலில் போய் மண்ணை வாரி இறைத்திருப்பார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. கிணற்று நீரை மாதம் ஒரு சர்பத் பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி ஒட்டி, பதினான்கு பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தார். முதல் பாட்டிலிலும் கடைசிப் பாட்டிலிலும் ஒரு வாய் குடித்துப் பார்க்கும்படி அதிகாரியைக் கேட்பது, அதற்குப் பிறகு இரண்டே நிமிடம் பேசுவது என்பது அவர் திட்டம். கையில் பொருள் இல்லாமல் பேசாதே என்பது என் பாடம். அதை இவ்வளவு அழகாக யாரும் பயன்படுத்தியதில்லை. என்னிடம் வந்து ஒத்திகை பார்த்தபோது ஒரு சொல்லைக்கூட நான் திருத்தவில்லை.

அந்த வாரமே அமிர்தலிங்கம் வந்தார்.

"சார், அந்தப் பாய் வூட்டுப் பொம்பள எழுந்து பேசுச்சுன்னா எம் பெர்மிஷன் போச்சு. நம்ம பசங்க ரெண்டு பேர அனுப்பி வெக்கட்டா?"

"வேண்டாம். அடித்தால் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள்."

"அப்ப நீங்களே பாத்து ஏதாச்சும் பண்ணுங்க. அதுக்குப் பேசக் கத்துக்குடுத்ததே நீங்கதான."

அதில் நியாயம் இருந்தது. ஜன்னத் பீவியின் பயிற்சி முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. அமிர்தலிங்கம் நடப்பு வாடிக்கையாளர். தவிர, நான் ஒதுங்கிக்கொண்டால் அவர் ஆள் அனுப்புவார். அந்தப் பெண்ணுக்கு ஒரு கீறல்கூட விழாமல் ஒரே ஒரு நாள் பேசாமல் இருக்கச் செய்ய முடியுமா என்று யோசித்தேன். அவர் ரகசியத்தை நோட்டீஸ் அடித்து ஊருக்குச் சொல்லலாம். புருஷன் செத்ததை மறைத்தவள் என்றால் ஜமாத்தில் நிற்க வைத்துவிடுவார்கள். ஆனால் அது நம்பிக்கைத் துரோகம். அதை நான் செய்யவில்லை. இதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

பதினேழாவது கடிதத்தைத் திங்கட்கிழமை எழுதினேன். "பாசமுள்ள உம்மாவுக்கு மகன் ஜெய்னுலாபுதீன் எழுதிக்கொண்டது. லீவு கிடைத்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குகிறேன். நீங்களும் ஜன்னத்தும் ரயிலடிக்கு வர வேண்டும். ஊர் மண்ணில் கால் வைத்ததும் உங்கள் இருவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்." அமிர்தலிங்கத்தின் டிரைவர் செல்லதுரை அதை ஜன்னத் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். தம்மாமிலிருந்து வந்த ஒருவர் கொடுக்கச் சொன்னார் என்றான்.

மறுநாள் ஜன்னத் பீவி என் அறைக்கு வந்தார். கடிதத்தை மேசைமேல் வைத்தார். உட்காரவில்லை. கையெழுத்து யாருடையது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"இது எப்ப எழுதுனீங்க சார்?"

"நேற்று."

"பக்கத்து வூட்டு டீச்சரப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டாங்க. மாமி அடுப்படிய விட்டு வரல. மச்சானுக்குப் புடிக்கும்னு மாசிக் கருவாடு இடிச்சுக்கிட்டு இருக்காங்க. தெருவெல்லாம் போய்ச் சொல்லிட்டு வந்துட்டாங்க. நான் அவங்களுக்கு என்னா பதில் சொல்லுவேன்?"

"நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை அவரை ரயிலடிக்கு அழைத்துக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை இன்னொரு கடிதம் வரும். லீவு ரத்தாகிவிட்டது, அடுத்த வருஷம் வருகிறேன் என்று இருக்கும்."

"வியாழக்கெழம நான் பள்ளிக்கூடத்துக்குப் போவணுமே சார்."

"ஆமாம்" என்றேன்.

அவர் புரிந்துகொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீங்க எங்கூட வாங்க சார். வந்து மாமிக்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க. எழுதுனவங்களே சொன்னா நம்புவாங்க. என்ன ஆனாலும் நான் பாத்துக்குறேன்."

"அதற்கு இது சரியான நேரம் இல்லை."

கடிதத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். "வெள்ளிக்கெழம கட்டாயம் குடுத்துருவீங்களா?"

"கொடுக்கிறேன்."

வியாழக்கிழமை எல்லாம் எதிர்பார்த்தபடி நடந்தது. நானும் பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஊர்க்காரர்கள் முப்பது பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யாரோ அந்தப் பதினான்கு பாட்டில்களையும் கூடையில் தூக்கி வந்து மேசையில் வைத்தார்கள், ஆனால் எதற்கு என்று யாருக்கும் விளக்கத் தெரியவில்லை. சர்பத் என்று நினைத்து, "இதெல்லாம் எதுக்குங்க, வேண்டாம்" என்று கோட்டாட்சியர் மரியாதையாக மறுத்துவிட்டார். அமிர்தலிங்கம் நான் எழுதித் தந்த ஒன்றரைப் பக்கத்தை நிதானமாகப் படித்தார். உத்தரவு அடுத்த புதன்கிழமை வரும் என்றார்கள். அதுவரை யாரும் எழுத்துமூலமாகவோ நேரிலோ மறுப்புச் சொல்லலாம் என்றும் அறிவித்தார்கள். இந்த ஒரு வாரத்தை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

ரயிலடி ஊருக்கு மூன்று மைல். காலை ரயில் வந்து போயிருக்கிறது. மகன் இறங்கவில்லை. மெட்ராஸிலிருந்து அடுத்த ரயில் வரும் என்று மாமியார் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் ஜன்னத்தான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜன்னத் என் வாசலில் நின்றார். லீவு ரத்தான கடிதத்தை நான் எழுதி, மடித்து, இழுப்பறையில் வைத்திருந்தேன். கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டால் கிழவி சமாதானமாகிவிடுவார். ஜன்னத் பாட்டில்களோடு நேராகக் கோட்டாட்சியர் ஆபீசுக்குப் போவார். புதன்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

"இன்னும் தயாராகவில்லை" என்றேன்.

"மாமி இன்னைக்கும் கெளம்பிட்டாங்க சார். தனியா. நடந்து."

"வெயிலாக இருக்கிறது. குடை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்."

அவர் படியிறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னிடம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே ரயிலடிக்குப் போனேன். நிலைமை எப்படி இருக்கிறது என்று நேரில் பார்க்காமல் முடிவெடுப்பது எனக்கு வழக்கமில்லை. மெஹராஜ் பேகத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. ஆனாலும் உடனே தெரிந்தது. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய சிறிய உருவம், மடியில் ஒரு தூக்குச் சட்டி. அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது.

"தம்பி, படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று இடுப்பிலிருந்து கடிதத்தை எடுத்தார். மடிப்பு கிழிந்திருந்தது. "எம்மருமவ சொல்றா, எம்மவன் செத்து ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சாம். நேத்து என் கால்ல வுழுந்து அழுவுறா. அவளுக்குப் புத்தி பெசகிடுச்சு தம்பி. செத்தவன் காயிதம் போடுவானா? நீங்களே சொல்லுங்க."

ஆகவே ஜன்னத் பீவி உண்மையைச் சொல்லிவிட்டிருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இனி நான் என்ன சொல்கிறேன் என்பதைப் பொறுத்திருந்தது. இரண்டு வாக்கியம் போதும். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, உங்கள் மருமகள் சொல்வதை நம்புங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

படித்தேன். முழுக்கப் படித்தேன். குரலைத் தாழ்த்தி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. 'உங்கள் இருவர் முகத்தைத்தான்' என்ற இடத்தில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க படிச்சா எம்மவனே பேசுற மாதிரி இருக்கு தம்பி. இது அவன் எழுத்துதான? பழைய காயிதமும் வெச்சிருக்கேன், பாக்குறீங்களா?"

பார்த்தேன். "எல்லாம் ஒரே கையெழுத்துதான் அம்மா. அவற்றை எழுதியவர்தான் இதையும் எழுதியிருக்கிறார்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அவர் தூக்கைத் திறந்து ஒரு மாசிச் சம்பல் சோற்று உருண்டையை எனக்குக் கொடுத்தார். நான் அசைவம் சாப்பிடுவதில்லை. இலையோடு வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த ரயிலிலும் யாரும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, நின்றிருந்த பாசஞ்சரின் மறுபக்கம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கியிருக்கிறார். அந்த வழியாக இறங்குவது வழக்கம்தான். மெஹராஜ் பேகம் வண்டியின் கடைசிப் பெட்டியைச் சுற்றித் தண்டவாளத்தில் இறங்கி அவரை நோக்கிப் போயிருக்கிறார். அடுத்த லைனில் சரக்கு வண்டி வந்தது. மீதி விவரம் உங்கள் பஞ்சநாமாவில் இருக்கிறது. புதன்கிழமை உத்தரவும் அமிர்தலிங்கத்துக்குச் சாதகமாகவே வந்தது.

ஜெய்னுலாபுதீனின் சித்தப்பா மகன் அப்துல் மஜீது, சாவு வீட்டிலேயே புகார் எழுதினார் என்று கேள்விப்பட்டேன். வீடு மாமியார் பேரில் இருக்கிறது, மகன் செத்ததை மறைத்தாள், பொய்க் கடிதம் எழுத வைத்துக் கிழவியை ரயிலடிக்கு வரவழைத்துச் சாகடித்தாள் என்கிறார். ஜன்னத் பீவி ரிமாண்டில் இருக்கிறார். ஜமாத்தில் அவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. அவர் பேசினால் தீர்ந்துவிடும். ஆனால் பேசமாட்டேன் என்கிறார்.

ஆகவே நடந்ததைத் தெளிவாகச் சொல்கிறேன். பதினேழாவது கடிதத்தை நான் எழுதினேன். அது ஜன்னத் பீவிக்குத் தெரியாமல் போய்ச் சேர ஏற்பாடு செய்தேன். மாற்றுக் கடிதம் கையில் இருந்தும் கொடுக்கவில்லை. அதை இத்துடன் இணைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமைத் தேதி போட்டிருக்கும். உண்மை தெரிந்துவிட்ட ஒரு தாயிடம் அது பொய் என்று நம்பவைத்தேன். செவ்வாய்க்கிழமை அவர் தண்டவாளத்தில் இறங்கியது என் வார்த்தையை நம்பித்தான். புகாரில் 'கொல்லும் நோக்கத்துடன்' என்று எழுதியிருப்பதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். நோக்கம் ஒரு வாரத் தாமதம். மற்றதெல்லாம் சரி.

எதற்காக இப்போது வந்து சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. செல்லதுரை வாய் திறக்கமாட்டான், அமிர்தலிங்கமும்தான். ஆனால் நேற்று நீங்கள் கிளம்பும்போது ஒன்று சொன்னீர்கள். "அந்தம்மாக்கிட்ட எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டோம் சார். யாரு எழுதிக் குடுத்ததுன்னா ஒரே பதில்தான். எழுதுனவரு செத்துப்போயிட்டாருங்குது."

அவர் கணவரைத்தான் சொல்கிறார் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அப்படி இருக்க முடியாது. அவை எல்லாமே கணவர் போன பிறகு எழுதப்பட்டவை என்பது அவருக்குத் தெரியும். என் பெயர் வெளியே வந்துவிடக்கூடாது என்று அப்படிச் சொல்லியிருக்கிறார். சிறையில் இருந்துகொண்டும் தன் ஆசிரியரைக் காப்பாற்ற நினைக்கிற ஒரு மாணவி கிடைப்பது அபூர்வம். அவர் என்மேல் வைத்திருக்கும் அந்த மரியாதைக்கு நான் தகுதியானவனாக இருக்க வேண்டாமா, அதற்காகத்தான்.